கடைத்தெருவை மாற்றும் முன் ஊரைக் கேளுங்கள்!

சாவடி என்றால் என்ன?

அந்தக் காலத்தில் வழிப்போக்கர்கள் வந்து தங்கிய இடம் சாவடி. ஊர்ப் பெரியவர்கள் கூடி, வழக்குத் தீர்த்த இடமும் சாவடிதான். இன்றைக்கும் அந்தச் சொல் சாகவில்லை. வரி வாங்கும் இடத்துக்குச் சுங்கச்சாவடி என்று பெயர். ஓட்டுப் போடும் இடத்துக்கு வாக்குச்சாவடி என்று பெயர். மக்கள் தங்கள் வாக்கைச் சொல்லும் இடம்!

கடலூரில் இருந்து குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாக நெய்வேலிக்குப் பஸ்சில் போகிறவர்கள், வழியில் ஓர் ஊரைப் பார்ப்பார்கள். அதுதான் குள்ளஞ்சாவடி. பெயரிலேயே சாவடியைச் சுமந்து நிற்கும் ஊர். சுற்றி உள்ள கிராம மக்களுக்கு இதுதான் கடைத்தெரு. பஸ் ஏறவும் இங்கேதான் வரவேண்டும். உரம், மருந்து, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் எல்லாம் வாங்கவும் இங்கேதான் வரவேண்டும்.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட கடைத்தெருக்கள் எத்தனையோ! இன்று அவை ஒவ்வொன்றாக மாறி வருகின்றன. ஓர் ஊரில் சாலை அகலமாகிறது. இன்னோர் ஊரில் பழைய பஸ் நிலையத்தை இடித்துப் புதிது கட்டுகிறார்கள். வேறோர் ஊரில் மார்க்கெட்டையே ஊருக்கு வெளியே கொண்டுபோகிறார்கள். "நகர மையச் சீரமைப்பு" என்று இதற்குப் பெயர்.

நல்ல காரியம்தான். மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர். கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள் ஒதுங்கக் கழிப்பிடம் இல்லை. நடக்க நடைபாதை இல்லை. இவை மாறத்தான் வேண்டும். யார் மறுப்பார்கள்?

ஆனால், ஒரு கேள்வி. யாரைக் கேட்டு மாற்றுகிறார்கள்?

சுவரில் ஒரு படம்

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

ஊராட்சி அலுவலகச் சுவரில் பெரிய படம் ஒன்று தொங்குகிறது. நீலக் கோடு, சிவப்புக் கோடு, பச்சைக் கட்டம். இன்ஜினீயர் ஒருவர் விளக்குகிறார். பெரிய மனிதர்கள் நாலு பேர் தலையாட்டுகிறார்கள். கூட்டம் முடியும் நேரம். கதவு ஓரம் நின்ற பூக்காரப் பாட்டி மெல்லக் கேட்கிறாள்:

"ஐயா, அந்த வேப்பமரம் இதுல எங்க இருக்கு?"

இன்ஜினீயர் படத்தைப் பார்க்கிறார்.

"எந்த வேப்பமரம், ஆயா?"

"பஸ் நிக்கிற இடத்துல இருக்கே! அது அடியிலதான் இருபது வருஷமா நான் பூ விக்கிறேன்."

படத்தில் வேப்பமரம் இல்லை. பாட்டியும் இல்லை!

இது கற்பனைதான். ஆனால், இதில் உள்ள உண்மை பெரிது. படம் போடுகிறவருக்கு அளவு தெரியும். சாலை எத்தனை அடி, கால்வாய் எத்தனை ஆழம் என்பது தெரியும். மழை பெய்தால் தண்ணீர் முதலில் எந்தக் கடை வாசலில் நிற்கும் என்பது அந்தக் கடைக்காரருக்குத்தான் தெரியும். காலை 5 மணிக்குக் கீரைக் கட்டோடு வருகிறவள் எங்கே சுமையை இறக்குவாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். இரண்டு அறிவும் சேர்ந்தால்தான் கடைத்தெரு பிழைக்கும்.

கோடு போட்ட நகரம்

குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்திலேயே, திட்டம் போட்டுக் கட்டிய நகரம் ஒன்று இருக்கிறது. அதுதான் நெய்வேலி.

பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-ல் தொடங்கியது. அதன் ஊழியர்களுக்காக நகரம் எழுந்தது. நேரான சாலைகள். "வட்டம்" என்று எண் போட்ட குடியிருப்புகள். வரிசையாக மரங்கள். பார்க்க அழகு!

அங்கே கோடு போடுவது எளிதாக இருந்தது. ஏன்? ஊரைப் புதிதாகக் கட்டினார்கள். ஆனால், அந்த நிலமும் ஒரு காலத்தில் வெறும் நிலம் அல்ல. சுரங்கத்துக்காகவும் நகருக்காகவும் பல கிராமத்து மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே கோடு விழுந்தது.

பழைய கடைத்தெரு அப்படி அல்ல. அங்கே ஆள் இருக்கிறார்கள். கடன் இருக்கிறது, வாடிக்கை இருக்கிறது. "நாளைக்குத் தர்றேன், அண்ணாச்சி" என்று சொன்னால் அரிசி கொடுக்கும் உறவு இருக்கிறது. இவற்றை எந்தக் கோட்டால் காட்டுவது?

77 கோடி ரூபாய் மார்க்கெட்

கேட்காமல் கட்டினால் என்ன ஆகும்? திருச்சிக்குப் போவோம்.

திருச்சியின் இதயம் காந்தி மார்க்கெட். நெரிசல் சொல்லி முடியாது. லாரி நுழைந்தால் மனிதன் நகர முடியாது. அதனால் மொத்த வியாபாரத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோக முடிவு செய்தார்கள். திருச்சி-மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடி என்ற இடத்தில் புதிய மார்க்கெட் எழுந்தது. செலவு ரூ.77 கோடி. கடைகள் 1,000. 2017-ல் திறப்பு விழாவும் நடந்தது.

கடைகள் தயார். வியாபாரிகள் வரவில்லை!

"கடை சிறியது. மூட்டை அடுக்க இடம் போதாது. ஊரை விட்டு வெகு தூரம். சில்லறை வியாபாரிகள் அங்கே வரமாட்டார்கள்" என்று அவர்கள் சொன்னார்கள். பேச்சு நடந்தது, போராட்டம் நடந்தது, கோர்ட்டுக்கும் வழக்குப் போனது. காந்தி மார்க்கெட் பழைய இடத்திலேயே தொடர்ந்தது. பிறகு, பஞ்சப்பூரில் வேறொரு மார்க்கெட் கட்டும் திட்டம் வந்தது.

யார் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நெரிசலும் உண்மை. வியாபாரிகளின் கஷ்டமும் உண்மை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். கடை எத்தனை அடி இருக்க வேண்டும் என்பது கட்டி முடித்த பிறகு பேசும் விஷயமா? ஒரு பிள்ளைக்குச் சட்டை தைப்பதென்றாலும் முதலில் அளவு எடுக்கிறோம். தைத்து முடித்த பிறகு, "கை நுழையவில்லையே!" என்றால் யாருக்கு நஷ்டம்? அந்த 77 கோடியும் மக்கள் பணம்தானே!

இன்னொரு சாவடி

இடம் மாற்றுவதே தப்பு என்று நினைக்க வேண்டாம். இதற்கும் ஒரு சாவடிக் கதை உண்டு.

சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்தது கொத்தவால் சாவடி. காய்கறிக்குப் பெயர் போன மார்க்கெட். குறுகிய சந்துகள், அழுகிய காய்கறி, தலைச்சுமை. 1996-ல் அந்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாறியது. அன்றும் எதிர்ப்பு இருந்தது. மார்க்கெட் எங்கே நடக்கலாம் என்று முறைப்படுத்த அந்த ஆண்டில் சட்டமே கொண்டு வந்தார்கள்.

ஆனால், கோயம்பேடு நிலைத்துவிட்டது. 3,000-க்கு மேற்பட்ட கடைகள் கொண்ட பெரிய சந்தை ஆகிவிட்டது. லாரிகள் வந்து நிற்க இடம் இருந்தது. பெரிய சாலை பக்கத்தில் இருந்தது. கடைகள் வியாபாரிகளுக்கே விற்கப்பட்டன. வாடகைக்கு இருந்தவர் கடைக்குச் சொந்தக்காரர் ஆகலாம் என்றால் கசக்குமா?

இடம் மாறியவருக்கு என்ன கிடைத்தது என்பதே முக்கியம். இழப்பு ஒருவருக்கு, லாபம் இன்னொருவருக்கு என்றால் எந்தத் திட்டமும் நிலைக்காது.

நிறுத்திப் பார்த்தார்கள்

சென்னை தியாகராய நகரில் பாண்டி பஜார் இருக்கிறது. தீபாவளி, பொங்கல் வந்தால் மனித வெள்ளம்! நடக்க இடம் இல்லாமல் மக்கள் சாலையில் இறங்கி நடந்தார்கள். நடைபாதையை அகலமாக்கி, கார்களுக்கு இடத்தைக் குறைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது.

"கார் வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும்" என்று கடைக்காரர்கள் பயந்தார்கள். நியாயமான பயம்.

அப்போது ஒரு நல்ல காரியம் செய்தார்கள். கல்லும் சிமெண்டும் கொட்டும் முன், சில நாட்கள் மட்டும் வண்டிகளை நிறுத்திச் சோதனை பார்த்தார்கள். குழந்தைகள் தெருவில் ஓடி விளையாடினார்கள். மக்கள் நிதானமாக நடந்தார்கள். "இப்படியும் இருக்க முடியுமா?" என்பதை ஊர் கண்ணால் பார்த்தது. 2019 நவம்பரில் அந்த நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது.

ஆனால், அதே பாண்டி பஜாரில் மற்றொரு பக்கமும் உண்டு. நடைபாதையில் கடை வைத்திருந்தவர்கள் 2013-ல் ஒரு மாடிக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டார்கள். "மாடி ஏறி வந்து யார் வாங்குவார்கள்?" என்பது அவர்கள் குறை. நடந்து போகிறவர் கண்ணில் பட்டால்தான் வளையலும் ரிப்பனும் விற்கும். அந்த வியாபாரத்தின் உயிரே அதுதான்.

வடலூர் பெருவெளி

குள்ளஞ்சாவடியில் இருந்து மேற்கே போனால் வடலூர். வள்ளலார் 1867-ல் தருமச்சாலை தொடங்கிய ஊர். பசித்தவருக்குச் சோறு போட்ட ஊர். 1872-ல் சத்திய ஞான சபை எழுந்தது. அந்த இடத்தைக் கொடுத்தவர்கள் பார்வதிபுரம் கிராம மக்கள். சபையைச் சுற்றி உள்ள வெட்டவெளியைப் "பெருவெளி" என்பார்கள். தைப்பூசத்தன்று ஜோதி பார்க்க வரும் மக்கள் கூடுவது அங்கேதான்.

2024 பிப்ரவரியில் அங்கே "வள்ளலார் சர்வதேச மையம்" கட்ட அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பு ஏறத்தாழ ரூ.100 கோடி. வருகிறவர்களுக்கு வசதி செய்வதே நோக்கம் என்று அரசாங்கம் சொன்னது. ஏப்ரலில் வேலைக்குப் பள்ளம் தோண்டியபோது பார்வதிபுரம் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். "மையம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் முன்னோர் கொடுத்த பெருவெளியில் வேண்டாம். வேறு இடத்தில் கட்டுங்கள்" என்பது எதிர்த்தவர்களின் வாதம். விஷயம் ஐகோர்ட்டுக்குப் போனது.

ஒருவருக்குக் காலி இடமாகத் தெரிவது, இன்னொருவருக்குத் தாத்தா கொடுத்த தானம். எது வெறும் இடம், எது ஊரின் உயிர் என்பதை அடிக்கல் நாட்டும் முன்பே ஊரோடு உட்கார்ந்து பேசி அறிவது நல்லது. கோர்ட்டில் பேசுவதைவிடச் சாவடியில் பேசுவது மலிவு!

ஒரு நாள் மகாராஜா

மக்களைக் கேட்டு நகரைத் திருத்துவது புதுப் பழக்கம் அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இதை நம் நாட்டில் செய்து காட்டினார். அவர் பெயர் பேட்ரிக் கெடஸ். ஸ்காட்லாந்துக்காரர். தாவரவியல் பேராசிரியர்!

நகரங்களைப் பற்றிய கண்காட்சி நடத்த அவர் 1914-ல் இந்தியாவுக்கு வந்தார். கண்காட்சிப் படங்கள் தனிக் கப்பலில் வந்தன. அந்தக் கப்பலை ஜெர்மானியரின் "எம்டன்" கப்பல் மூழ்கடித்தது. ஆம், சென்னை மீது குண்டு வீசிய அதே எம்டன்தான்! மனிதர் கலங்கவில்லை. புதிதாகப் படங்கள் சேர்த்து, 1915-ல் சென்னையில் கண்காட்சி நடத்திவிட்டார்.

பிறகு தஞ்சாவூர் போன்ற ஊர்களில் சந்து சந்தாக நடந்து பார்த்தார். "பழைய தெருவை எல்லாம் இடித்து நேர்ச் சாலை போட வேண்டாம். நோய் உள்ள இடத்தை மட்டும் திருத்துங்கள். நல்ல வீட்டையும் கிணற்றையும் மரத்தையும் விட்டு வையுங்கள். செலவும் குறையும்" என்பது அவர் வைத்தியம்.

இந்தூரில் அவர் செய்தது இன்னும் வேடிக்கை. ஊரில் பிளேக் நோய். தெருவெங்கும் குப்பை. மக்களுக்கோ அளக்க வரும் அதிகாரி என்றாலே பயம். கெடஸ் மகாராஜாவிடம் போய், "என்னை ஒரு நாள் மகாராஜா ஆக்குங்கள்" என்று கேட்டார். கிடைத்தது!

"இந்தத் தீபாவளி ஊர்வலம் வழக்கமான பாதையில் போகாது. எந்தத் தெருக்காரர்கள் வீடு வாசலைச் சுத்தம் செய்கிறார்களோ, அந்தத் தெரு வழியே போகும்!" என்று அறிவித்தார். அவ்வளவுதான். ஊரே துடைப்பத்தைத் தூக்கியது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளை உடையும் மாலையுமாகக் கௌரவத்தோடு நடந்தார்கள். பிளேக் எலியின் உருவம் பவனி வந்து, கடைசியில் தீக்கு இரையானது.

ஊர் தன்னுடையது என்ற எண்ணம் வந்துவிட்டால், ஊரைத் திருத்த ஊரே கிளம்பிவிடும். கெடஸ் கண்ட ரகசியம் அதுதான்.

சட்டம் உங்கள் கையில்

"நான் சொன்னால் யார் கேட்பார்கள்?" என்று கேட்கலாம். சட்டம் கேட்கச் சொல்கிறது.

நீங்கள் கிராமத்தில் இருந்தால் கிராம சபை இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். தலைவரும் ஓர் ஓட்டு. தலைச்சுமைக்காரரும் ஓர் ஓட்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய 6 நாட்கள் கிராம சபைக்கு உரிய நாட்கள். நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

நகரத்தில் இருந்தால் "பகுதி சபை" உண்டு. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1-ந் தேதி முதல் அது கூடத் தொடங்கியது.

நகரத் திட்டங்களுக்கு 1971-ம் ஆண்டு நகர், ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. முழுமைத் திட்டம், விரிவு அபிவிருத்தித் திட்டம் இவற்றை இறுதி செய்யும் முன், அரசிதழிலும் பத்திரிகையிலும் அறிவிக்க வேண்டும். யாரும் எழுத்து மூலம் ஆட்சேபனையோ யோசனையோ சொல்லலாம். அதற்குக் குறைந்தது 2 மாத அவகாசம் தர வேண்டும்.

தெரு வியாபாரிகளுக்கு 2014-ம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது. நகரங்களில் வியாபாரக் குழு அமைக்க வேண்டும். அதில் 100-க்கு 40 பேருக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இடம் மாற்றுவது என்றால் 30 நாள் முன்னதாக நோட்டீசு தர வேண்டும்.

என்ன கேட்கலாம்?

உங்கள் ஊரில் கூட்டம் நடந்தால் இவற்றைக் கேளுங்கள். கூச்சம் வேண்டாம்.

படத்தில் எங்கள் கடை எங்கே? எங்கள் மரம் எங்கே?

வேலை நடக்கும் மாதங்களில் நாங்கள் எங்கே கடை வைப்பது?

புதுக் கட்டடத்தில் வாடகை எவ்வளவு? இப்போது இருப்பவருக்கு முதல் உரிமை உண்டா?

மழைத் தண்ணீர் எங்கே போகும்?

தாய்மார்களுக்குக் கழிப்பிடம் எங்கே? அதைச் சுத்தம் செய்வது யார்?

முதியவரும் ஊனமுற்றவரும் படி ஏறாமல் போக வழி உண்டா?

நாங்கள் சொன்னதில் எதை ஏற்றீர்கள்? எதை ஏற்கவில்லை? ஏன்?

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கேட்டுக்கொண்டு போய்ப் பெட்டியில் போடுவது கருத்துக் கேட்பு ஆகாது. "இதைச் செய்ய முடியாது, காரணம் இது" என்று திரும்பி வந்து சொல்வதுதான் மரியாதை. காரணம் நியாயமாக இருந்தால் மக்கள் ஒத்துக்கொள்வார்கள்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. எல்லாருக்கும் வரைபடம் புரியாது. படித்தவருக்கே தலை சுற்றும்! அதனால், படத்தைச் சுவரில் மாட்டுவதோடு நிற்காதீர்கள். தெருவில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுங்கள். "சாலை இதுவரை வரும், உங்கள் கடை இங்கே வரும்" என்று நடந்து காட்டுங்கள். காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்தால் காய்கறிக்காரி எப்படி வருவாள்? அவள் கூடை காலியாகும் நேரம் பார்த்து வையுங்கள். ஆண்கள் நாலு பேர் பேசிவிட்டால் ஊர் பேசியதாக எண்ண வேண்டாம். பெண்களைத் தனியே உட்கார வைத்துக் கேளுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கேளுங்கள். சாலையைத் தினமும் இரண்டு முறை கடப்பவர்கள் அவர்கள்தான்!

ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை வாக்குச்சாவடிக்குப் போகிறோம். வரிசையில் நின்று, விரலில் மை வைத்து வருகிறோம். அது பெரிய உரிமை. ஆனால், சாலையும் சாக்கடையும் மார்க்கெட்டும் நடுவில் உள்ள ஆண்டுகளில்தான் முடிவாகின்றன. அந்த ஆண்டுகளில் நம் வாக்கைச் சொல்லவும் ஒரு சாவடி வேண்டும்.

அடுத்த கிராம சபைக்குப் போகும்போது பக்கத்தில் பூக்கட்டும் பாட்டியையும் கூட அழைத்துப் போங்கள். வேப்பமரம் எங்கே என்று அவள் கேட்கட்டும்.

படம் போடுகிறவர் பேனாவை எடுத்து, முதலில் அந்த மரத்தை வரையட்டும்!